கல்லறைத் தோட்டத்துச் சாவி

"சாவியக் குடுங்க மச்சான்" என்று மறுபடியும் கேட்டான் பாக்கியராஜ். உபதேசியார் செபஸ்தியான் இடுப்பில் செருகியிருந்த கல்லறைத் தோட்டத்துச் சாவியைத் தொடக்கூட இல்லை. வாசல் நாற்காலியில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை பாக்கியராஜின் கையில் இருந்தது. வேறு யாருடைய பிள்ளையும் இல்லை. அவன் தங்கை ஆனந்தமேரிக்கும் இந்தச் செபஸ்தியானுக்கும், கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அன்று காலையில் பிறந்த பிள்ளை. பிறக்கும்போதே மூச்சு இல்லை என்று செபஸ்தியானின் அக்கா வியாகுலம்மாள் தெருவில் விழுந்து அழுது முடித்திருந்தாள்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே கள்ளிப்புதர் ஓரமாகத்தான் குழி. ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் அந்தக் கோயில் பங்கில் அதுதான் சட்டம். பங்குச் சாமியார் சேவுகம்பட்டிப் பக்கம் பூசை வைக்கப் போயிருந்ததால், சட்டமும் சாவியும் அவருக்குப் பதிலாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் இருந்தன.

"எம் பிள்ளைய நாய் நரி தோண்டுற எடத்துல போட்றாதீங்க" என்று உள்ளேயிருந்து ஆனந்தமேரியின் குரல் வந்தது. பெற்ற உடம்போடு அவளால் எழுந்து வர முடியவில்லை. செபஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டார்.

பாக்கியராஜ் பள்ளிக்கூட வாத்தியார். வேதத்தைக் கேள்வி கேட்டுப் படிக்கிறவன் என்று ஊரில் அவனுக்குக் கெட்ட பெயர் உண்டு.

"தண்ணியில மறுபடி பிறக்காதவனுக்கு மோட்சம் இல்லைன்னு ஒரு வரிய வச்சுக்கிட்டுப் பேசுறீங்க. பச்சப் பிள்ளைகளத் தூக்கி அணைச்சுக்கிட்ட ஆண்டவரும் அதே வேதத்துலதான இருக்காரு? ரெண்டுல எது சரி?"

"ரெண்டும் சரிதான் மாப்ள."

"எப்படிச் சரியாகும்? எழுதுனவுகளும் மனுஷங்கதான? எங்கயாச்சும் ஒரு எடத்துல கை தவறியிருக்காதா?"

"வேதத்துல தப்பு இருக்குன்னு நான் சொல்லக் கூடாது. நான் உபதேசியாரு."

இந்த மனுஷனிடம் பேசி என்ன பிரயோஜனம் என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார் மருத்துவச்சி குர்ஷித் பேகம். பேகம்பூர்க்காரர். அந்தப் பங்கில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை.

உயிர் போகிற நேரத்தில் யார் தண்ணீர் ஊற்றி வார்த்தையைச் சொன்னாலும் ஞானஸ்நானம் செல்லும். ஊற்றுகிறவர் முஸ்லிமாக இருந்தாலும் செல்லும். இதுவும் திருச்சபையின் சட்டந்தான். அந்த வார்த்தையைப் பேகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே செபஸ்தியான்தான்.

"பொறந்து கொஞ்ச நேரம் உசுரு இருந்துச்சு உபதேசியாரே" என்றார் பேகம். "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தால தலையில தண்ணி ஊத்திட்டேன். கதவத் தொறங்க."

நின்றவர்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்தது. இதற்கு முன்னால் எத்தனையோ வீட்டில் பேகம் இப்படிச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்தவர் செபஸ்தியான். இன்றைக்கும் எடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"இல்ல" என்றார் அவர். "செத்துத்தான் பொறந்துச்சு. அக்கா சொல்லிருச்சு."

வியாகுலம்மாள் பதறிப்போனாள். "நான் என்னத்தக் கண்டேன் தம்பி? பதட்டத்துல கத்திட்டேன். பேகம்மா சொல்றதுதான் நெசமாருக்கும்."

"தெரு பூரா கேட்டுருச்சுக்கா."

அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கள்ளிப்புதர் ஓரத்தில் செபஸ்தியானே குழி வெட்டினார். பிள்ளையை இறக்கிக் கொடுத்த பாக்கியராஜ், "இனி உங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். வந்தவர்களும் கலைந்தார்கள்.

குர்ஷித் பேகம் மட்டும் போகவில்லை. அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை.

"ராயப்பராஜ் பிள்ளைக்குத் தொறந்தீங்க. செபாஸ்தியம்மா பேரனுக்குத் தொறந்தீங்க. பெத்த பிள்ளைக்கு மட்டும் உங்க வேதம் இரும்பாப் போச்சா? உள்ள ஒருத்தி கெடந்து துடிக்கிறாளே, அவ மூஞ்சிய எப்படிப் பாப்பீங்க?"

செபஸ்தியான் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"தெரியல பேகம்மா. ஆனா இன்னிக்குத் தொறந்தா, சாமியாரு வந்ததும் விசாரிப்பாரு. செத்துப் பொறந்த பிள்ளைன்னு தெருவே சாட்சி சொல்லும். அதோட உங்க சொல்லு செல்லாமப் போயிரும். நாளைக்கு இன்னொரு தாய் இப்படிக் கெடந்து அழுதா, அவளுக்கு எதச் சொல்லிக் கதவத் தொறப்பேன்? உள்ள இருக்குற பிள்ளைகளையும் ஒவ்வொண்ணாக் கெளறுவாங்க."

"கெளறட்டுமே, உங்களுக்கு என்ன பயம்? அந்தப் பிள்ளைகளுக்கு உசுரு இருந்துச்சுன்னு நான் சொன்னத நம்பித்தான தொறந்தீங்க?"

செபஸ்தியான் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பிள்ளைக்குக்கூட நம்பலம்மா."