டிரம்மில் ஓடும் இன்ஜின்

மகள் சுவேதாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகும் கணவன் மூர்த்தி கண் கலங்கி வச்சலா பார்த்ததில்லை. சாயங்காலமானால் படகு இன்ஜினைக் கழற்றிவந்து, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிடுவான். பழுது பார்க்கிறானாம். நெம்மேலிக் குப்பமே காதைப் பொத்திக்கொள்ளும்.

"பொண்ணே பூட்டா. உனக்கு இன்ஜின்தான் பெருசாப் போச்சா? கல்லுய்யா நீ."

வச்சலா இப்படிக் கத்தினால், இன்ஜினை இன்னும் முடுக்கிவிடுவான்.

இன்று அவளால் தாங்க முடியவில்லை. அம்மா வீட்டுக்குப் போகப் பையைத் தூக்கியவள், போகிற ஆத்திரத்தில் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் குழாயைப் பிடுங்கினாள்.

இன்ஜின் இருமி இருமி நின்றது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மூர்த்தியின் ஓலம் நிற்கவில்லை.

வச்சலா பையைக் கீழே போட்டாள். குழாயை மாட்டினாள். கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பிவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அவளும் வாய்விட்டு அழுதாள்.