துரைமார் பெரட்டு

நிரோஷா வராமலே நிரோஷாவின் வேலை நடக்கிறது என்பதை பெரிய கிளாக்கர் நல்லையா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

முதல் நாள் மறந்து வைத்த குடையை எடுக்க, விடிந்தும் விடியாமலும் ஆபீசுக்கு வந்திருந்தார். கதவு பூட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருந்தது.

கம்பெனியின் இணையத்தளம் தானாகத் திறந்தது. பெரியதுரையின் பெயர் விழுந்தது. பாஸ்வேர்ட் பெட்டி புள்ளி புள்ளியாக நிரம்பியது. கதவு திறந்த மாதிரி அடுத்த பக்கம் வந்தது. ஏல விலை, மற்றத் தோட்டங்களின் கொழுந்து நிறை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்து இன்னொரு பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன. நாற்காலியில் ஆள் இல்லை.

"மூணு மாசமா இப்பிடித்தாங்க" என்றான் காவல்கார ஏழுமலை. "முனியோட வேலை. நா எதுக்கும் ஒரு வெத்தல வச்சிட்டுத்தான் போறேன்."

எல்லாம் கொழும்பு ஹெட் ஆபீஸ் அந்த வருசம் கொண்டுவந்த சட்டம். ஒவ்வொரு தோட்டத்துத் துரையும் காலை ஆறேகாலுக்குள் தளத்தில் நுழைந்து கணக்குகளைப் பார்த்துவிட வேண்டும். நுழையாதவர் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். கொழுந்து எடுப்பவர்களைக் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டு, இப்போது துரைமாருக்கும் வந்துவிட்டது என்று ஆபீசில் சிரித்துக்கொண்டார்கள்.

பெரியதுரை சிரிக்கவில்லை. பாஸ்வேர்டை நிரோஷாவிடம் கொடுத்து, தினமும் ஆறு மணிக்கே வந்து தன் பெயரில் நுழையச் சொன்னார். பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

நிரோஷா கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் லயத்துப் பெண். கைக்குழந்தைக்காரி. கம்ப்யூட்டர் படித்து ஆபீசில் வேலை பார்த்தும் நாட்சம்பளம்தான்.

நல்லையா அன்று முழுக்க இரண்டு மனதாகவே இருந்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, ஆபீஸ் திறக்கிற எட்டு மணிக்கு வந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு மனம் கேட்டது. ஆள் வந்து நிற்காமல் இத்தனை வருசத்தில் ஒருத்தருக்காவது ஒருநாள் சம்பளத்துக்குப் பேர் போட்டிருக்கிறாயா, பிந்தி வந்தவர்களுக்கும் அரைச் சம்பளத்துக்கு அரைப்பேர்தானே போட்டாய் என்று இன்னொரு மனம் கேட்டது. இந்த இரண்டாவது மனம் பேசுவது நியாயமா, வெறும் பழக்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

தெரியாமலே பெரியதுரையிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மறுநாள் விசாரணை. தளத்துக்குள் தானாக நுழைய மிசினுக்குச் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்று நிரோஷா ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள். இருட்டில் ஆற்றைத் தாண்டி வர முடியவில்லை, ஆனால் ஒருநாள்கூடக் கணக்குப் பிழைத்ததில்லை என்றாள்.

துரைக்கு முகம் சிவந்தது.

"பெரட்டுன்னா ஆள் வந்து நிக்கணும். என் பேருல ஒரு மிசின் போய் நிக்கிறதா? இது கள்ளத்தனம் இல்லையா?"

"உங்க பேருல நானே போய் நின்னாலும், அது நீங்க இல்லீங்களே சேர்."

நல்லையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். துரை மேசையைத் தட்டினார்.

"நாளையிலருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. ஹெட் ஆபீஸ். பேசியவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. எல்லாத் தோட்டத்திலும் சிவப்பே விழாத ஒரே துரை இவர்தானாம். போன மாசம் சொந்த ஊர் வரக்காப்பொல வீட்டில் தாயாரின் பிரேதம் கிடந்த அன்றுகூட, ஆறேகாலுக்குள் தளத்தில் நுழைந்திருக்கிறாராம். அதைக் கேட்டு சேர்மனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். சனிக்கிழமை கேடயம் கொடுக்கிறார்களாம்.

துரை எழுந்து நின்றே பேசினார். குரல் தழுதழுத்தது.

"கடமைதானே சேர் முதல்ல. அம்மா அப்பிடித்தான் என்னை வளத்தாங்க."

போனை வைத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் ஆள் வருவதா முக்கியம், வேலை நடப்பதுதான் முக்கியம் என்றார். நிரோஷா வழக்கம்போல் வரலாம் என்றார். விசயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று நல்லையாவைப் பார்த்துச் சொன்னார். கேடயம் வாங்க எந்தக் கோட்டைப் போடுவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் நல்லையாவுக்கு ஏதோ உறுத்தியது. துரையின் தாயார் இறந்த அன்று ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். மரம் விழுந்து கம்பி அறுந்து, மறுநாள் சாயங்காலம்வரை தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை.

"அன்னைக்குக் கரண்டே இல்லையேம்மா. மிசின் எப்பிடி உள்ள போச்சு?"

நிரோஷா தயங்கினாள்.

"அன்னைக்கு மிசின் போகலீங்க ஐயா. நான்தான் குருவிட்ட டவுனுக்கு நடந்து போனேன். பாறூக் நானாவோட இன்டர்நெட் கொமினிகேசன் கடை பூட்டியிருந்துச்சு. வீட்டுக் கதவத் தட்டி அவரு பொஞ்சாதி லதீபா அக்காவ எழுப்பி, கடையத் தொறக்கச் சொல்லி, அங்கேருந்து சேர் பேருல உள்ள போனேன்."

"அந்த மழையிலயா? எதுக்கு?"

"பெத்த தாயப் பறிகொடுத்திட்டு நிக்கிற மனுசனுக்கு, அன்னைக்குப் போயி ஒரு சிவப்பு விழணுமாங்க?"

நல்லையா நடையை நிறுத்திவிட்டார். இதை ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் சிரித்தாள்.

"திரும்பி வரவே ஒம்பது மணி ஆயிருச்சுங்க. வாயத் தொறக்க முந்தியே, பிந்தி வந்தேன்னு நீங்க எனக்கு அரைப்பேர் போட்டுட்டீங்களே."