வலது பக்கப் பை

"சொன்னாக் கேளுங்கண்ணே, சைலன்சர் பக்கம் பை மாட்டாதீக. அடி கருகிப்போகும். இடது பக்கந்தான் தோது."

நான்காவது பையைத் தூக்கிக் காட்டியபடி சொன்னான் அசாருதீன். விருதுநகர் பஜாரில் வண்டிக்கு சீட் கவரும் பையும் விற்கிற கடை அவனுடையது. கடை வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் வேலுச்சாமி உட்கார்ந்திருந்தான். எதிரே அவனுடைய இருபத்திரண்டு வருசத்து ஸ்பிளெண்டர். பக்கத்தில் அவன் மனைவி ராமுத்தாய், புதுச் சுடிதாரில், மாதிரிக் காலண்டர் தாள்கள் கோத்த ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இடது பக்கம் வேண்டாம் தம்பி. அங்கன சாரி கார்டும் பொம்பளைக கால் வைக்கிற மிதியும் இருக்குல்ல, அது அப்படியே இருக்கட்டும்."

"அதைக் கழட்டினா ரெண்டு நிமிசத்துல பை உக்காந்துரும்."

"கழட்ட வேண்டாம்ங்கிறேன்."

கடை கடையாக ஏறிக் காலண்டர் ஆர்டர் பிடிப்பது வேலுச்சாமியின் பிழைப்பு. ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புது ஆல்பம் வந்துவிட்டது. இந்த இரண்டு மாதம் ஓடினால்தான் வருசம் முழுக்கச் சோறு. ஆல்பத்தின் மூலை மடங்கினால் போன வருசத்துச் சரக்கு என்று நினைத்துவிடுவார்கள். அதனால் பை விறைப்பாக இருக்க வேண்டும். ரெக்சின் பை தொளதொள என்றிருந்தது. காக்கிப் பை மழைக்கு ஆகாது. இரும்புப் பெட்டி, பால்காரர் வண்டி போல் இருக்கிறதாம். எதை எடுத்தாலும் ஒரு நொட்டை சொன்னான்.

உண்மையில் அவன் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தான். வரும்போது வண்டியைத் தெருமுனையிலிருந்து உருட்டியே கொண்டுவந்தாயிற்று; போகும்போதுதான் சிக்கல். இன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அசாருதீன் கடையை அடைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவான். அக்கம்பக்கத்துக் கடைகளையும் அடைத்துவிடுவார்கள். அப்புறம் ஒருவர் கண்ணிலும் படாமல் கிளம்பிவிடலாம். முக்கால்வாசி ஆர்டர் இந்த பஜாரில்தான். இங்கே ஒருத்தன் வாயில் விழுந்தால் போதும், வேலுச்சாமிக்கு முன்னால் கேலி கடை கடையாக ஏறிவிடும்.

"இத்தன வருசம் ஆல்பத்தை எங்கன வச்சுக் கொண்டு போனீக?"

"பின் சீட்டுல கட்டிருவேன். இப்ப இவளும் கூட வாராளே."

"ஆர்டர் புடிக்க வீட்டம்மாவும் வாராகளா! குடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க."

வேலுச்சாமிக்கு முகம் சுண்டிப்போனது.

அசாருதீன் விடுகிற ஆளில்லை. "அக்காதான் சுடிதார் போட்டிருக்காகளே. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா அந்த மிதியே தேவையில்ல" என்று ஸ்பேனரை எடுத்தே விட்டான்.

"அதுல கை வைக்காத!"

வேலுச்சாமி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வேலுச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இவளுக்குப் பயம் தம்பி. ஒருக்களிச்சு உக்காந்தாத்தான் வருவா. வண்டின்னாலே நடுங்குவா."

சொன்ன மறுநிமிடமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ராமுத்தாய் திரும்பி அவனைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். ஆல்பத்தை மட்டும் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"என்னக்கா நீங்க! எங்க வீட்டம்மா நாஜியா ஸ்கூட்டியில தனியா சிவகாசி போயிட்டு வருது. நீங்க பின்னால உக்காரவே நடுங்குறீகளே!"

"என்ன செய்ய தம்பி, பழக்கமில்ல" என்று சிரித்தாள் ராமுத்தாய்.

அந்தச் சிரிப்பை வேலுச்சாமியால் பார்க்க முடியவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கட்டியவளைக் கோழை என்று ஊரார் முன்னால் சொல்லியாயிற்று. அவளும் அதைக் கொடுத்த பையை வாங்கிக்கொள்வது போல வாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது.

"சரி, உங்க இஷ்டம்" என்று அசாருதீன் கடைசியில் இறங்கி வந்தான். சைலன்சருக்கு மேலே கம்பி வளைத்து, தகரம் அடித்து, அதன்மேல் உள்ளே அட்டை வைத்துத் தைத்த கறுப்புப் பையை வலது பக்கம் மாட்டினான். ஆல்பம் மூலை மடங்காமல் உள்ளே இறங்கியது. அரை மணி நேரம் ஓடியிருந்தது. பாங்கு கேட்டது.

வேலுச்சாமிக்கு மூச்சு வந்தது. "நீ போ தம்பி, தொழுகைக்கு நேரமாச்சுல்ல. நாங்க டீ குடிச்சுட்டு மெதுவாப் போறோம்."

"அதெப்படிண்ணே? அக்கா பயப்படுறாகன்னு நீங்கதானே சொன்னீக. பத்திரமா ஏத்தி விட்டுட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன்."

பக்கத்துக் கடைக்காரரும் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஆமாமா, பொம்பளைப் புள்ள பயந்துறக் கூடாது. நானும் ஒரு கை புடிக்கேன்."

வேலுச்சாமி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தான். அவன் சொன்ன பொய்தான் இப்போது இரண்டு பேரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது.

"எந்திரிங்க. காரியாபட்டி பார்ட்டி காத்துக்கிட்டு இருப்பாக" என்றாள் ராமுத்தாய் மெல்ல.

"பயப்படாம ஏறுங்கக்கா. வண்டியை நாங்க புடிச்சுக்கிடுறோம்" என்றான் அசாருதீன்.

ராமுத்தாய் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு முன் சீட்டில் ஏறினாள். ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். போன சீசனில் காலண்டர் லோடு சரிந்து விழுந்ததிலிருந்து மடங்காத காலை இழுத்து இழுத்து வந்த வேலுச்சாமி, இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து அந்த மிதியில் கால் வைத்தான்.