வெட்டிய பத்தி

"எங்கப்பா சாவைத் திருப்பிக் குடுங்கக்கா!"

கதையில் வெட்டிய பத்தியைத் திரும்பக் கேட்கவே கூடாது என்று எழுத்தாளர் குழுவில் லோகேஸ்வரிக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சம்சியாக்கா பாடாங் செராய் பட்டணத்தில் துணிக்கடை நடத்திக்கொண்டே, புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைச் சும்மா திருத்தித் தருபவர்.

"கத்தாத லா. உங்கப்பா பனிக்குள்ள நடந்து வந்து சிரிக்கிறாரு, கனவு மாதிரி எழுதியிருக்க. கடைசியில எதுக்கு ரப்பர் மரத்தடியில சாகணும்?"

"எஸ்டேட் கதையில அப்பா செத்தாத்தான் பரிசு."

"அதுக்கு மட்டுந்தானா?"

கடையில் தொங்கிய சேலைகள் தண்ணீருக்கடியில் இருப்பவை போல அசைந்தன. லோகேஸ்வரியின் குரல் இறங்கியது.

"சாகலன்னா பேசணுமே. டிகிரி முடிச்ச பெறகு அவர்கிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியலக்கா."

"அவரு சாகுற எடத்தைப் படிச்சிட்டு நானே அழுதேன் லோகா. இப்ப வாசல்ல அவரைப் பார்த்துத்தான் திடுக்குன்னுச்சு."

நனைந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கதையில் செத்த அதே மனிதர் மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். மகளின் ஹெல்மெட் நனையாதபடி தன் மழைக்கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்தார்.

"போய்ப் பேசிட்டு வந்து எழுது."

லோகேஸ்வரி எழுந்தாள்.

"வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும்கா" என்றபடி கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.