பதிவுக்குப் பக்கத்தில் ஓர் எண்

ஓர் இணையதளத்தின் தரவுதளத்துக்குள் வினவல் என்றொருவன் வேலை பார்த்தான். 'அவசரமாக ரத்தம் தேவை' என்ற பதிவுக்கு எத்தனை பதில்கள் வந்திருக்கின்றன என்று யார் கேட்டாலும், பதில்களின் அட்டவணைக்கு ஓடி, முதலிலிருந்து எண்ணிவிட்டு வருவான். ஒருநாள் கூட்டம் அலைமோதியது. அவனுக்கு மூச்சு வாங்க, தளமே நின்றுபோனது.

அதனால் பதிவின் பக்கத்திலேயே ஓர் எண்ணைக் குடிவைத்தார்கள். கேட்ட மாத்திரத்தில் அது பதில் சொன்னது.

வினவலுக்குப் பொறுக்கவில்லை. "நகராமலே எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததை அளக்கிறாயா?" என்று சீறிவிட்டு, தானே எண்ணப் போனான்.

திரும்பி வந்து, "எண்ணூற்றொன்று!" என்றான்.

"எண்ணூறு அண்ணே" என்றது எண். "நீங்கள் வரும் வழியில் ஒருவர் தன் பதிலை அழித்துவிட்டார். வருகிற பதிலும் போகிற பதிலும் என்னைத் தொடாமல் போகாது."

நம்பாமல் மறுபடி ஓடினான். ஓரிடம் காலியாகத்தான் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பதில் ஒன்று வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தான். யாரும் சொல்லாமலே எண் மாறியிருந்தது.

வினவல் அந்தப் புதுப் பதிலைக் குனிந்து பார்த்தான். 'கிளம்பிவிட்டேன், எந்த ஆஸ்பத்திரி?' என்றிருந்தது. எண்ணூற்றொரு பேரில் அவன் வாசித்த முதல் ஆள் அவர்தான்.