மேல்குழல்

யார்க்‌ஷயரில், வினிஃப்ரெட்டின் சமையலறை ஜன்னலருகே நின்று, போன மாதம் செத்துப்போன அவள் புருஷன் ஏமோஸின் வேட்டைத் துப்பாக்கியைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். வாங்கத்தான் வந்தேன், ஆனால் விற்கிறவர் பேச்சை நான் நம்புவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல். முதலில் வெடிக்கும் கீழ்க்குழல் மங்கிக் கிடக்கிறது; மேல்குழல் புதுசாக மின்னுகிறது. “ஏம்மா, மேல மட்டும் மாத்திட்டியா?” “யோவ் வில்ஃப், உன் சந்தேகப் புத்தி போகவே போகாதா? முதல் வெடியில தப்பிச்ச காட்டுக்கோழி பொழைச்சுப் போகட்டும்னு அவரு விட்டுடுவாருய்யா.” வேட்டை வரிசையில் ஏமோஸ் பக்கத்தில் நின்று, இரண்டாவது வெடி வராததைப் பார்த்துக் கை மந்தம் என்று முப்பது வருஷம் கேலி செய்தவன் நான். அடுப்பில் கெண்டி சீறுகிறது. “அப்படிச் சுடுறவங்களுக்குத்தான் இதைக் குடுப்பேன். நீ எப்படி?” பார்த்து முடித்த குழலுக்குள் மறுபடியும் கண்ணை வைக்கிறேன்.