காலியாக ஒரு கட்டம்

“ஒரு கட்டத்தைக் காலியா விடலாம்னு மாத்த இவ்வளவு நாளா, ஸ்ரீநாத்?”

தி.நகர் அலுவலகத்தில் காலையிலிருந்து மூன்றாவது முறையாக வந்து நின்றாள் மேலாளர் சோஃபியா. பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பள்ளியின் சேர்க்கை மென்பொருளில், ‘அப்பா பெயர்’ கட்டாயம் என்பதை நீக்க வேண்டும்.

ஸ்ரீநாத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. “மேடம், ஊருக்கு ஒரு சர்வர் இருக்கு. கோயம்புத்தூர்ல இன்னும் பழைய புரோகிராம்தான் ஓடுது. இங்க காலியா விட்ட ஃபார்ம் அங்க போனதும் எல்லாம் படுத்துடும். முதல்ல எல்லா சர்வரும் காலியை ஏத்துக்கணும். அப்புறம்தான் கட்டாயத்தை எடுக்க முடியும்.”

“சேர்க்கை இன்னிக்கு சாயங்காலம் முடியுதே!”

“ஸ்கூல்காரங்களே அவசரப்படலை. நீங்க ஏன் மேடம் உயிரை எடுக்கறீங்க?”

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

“பிரமோஷனுக்கு அடி போடறாங்க மச்சி” என்றான் ஸ்ரீநாத், பக்கத்து இருக்கை கிளிஃபர்டிடம்.

மாலை ஐந்து மணிக்குக் கடைசி சர்வரும் மாறியது. ஸ்ரீநாத் கட்டாயத்தை நீக்கினான். எதுவும் படுக்கவில்லை.

“மேடம், நீங்களே ஏதாவது பேரு போட்டுப் பாருங்க.”

சோஃபியா நின்றபடியே மாணவி பெயரையும் அம்மா பெயரையும் தட்டினாள். அப்பா பெயரைத் தொடாமல் அனுப்பினாள். ‘பதிவானது’ என்றது திரை.

“அப்பாடா! டெஸ்ட்தானே, அழிச்சிடறேன்” என்று ஸ்ரீநாத் கையை நீட்டினான்.

அவள் சட்டென்று அவன் கையைத் தடுத்தாள்.

“வேணாம் ஸ்ரீநாத். அது என் பொண்ணோட அப்ளிகேஷன்.”